ரேஷன் கடை மெஷினுக்கு மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள தம்பி, தங்கைகளுக்கு,

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. சென்னையிலோ பெங்களூரிலோ ஒரு ஏசி அறையில் உட்கார்ந்து, ரேஷன் கடை பில் மெஷினுக்குள் ஓடுகிற மென்பொருளை எழுதுகிறீர்கள் என்பது மட்டும்தான் தெரியும். அதிகாரிகளுக்கு மனு எழுதிப் பார்த்துவிட்டேன். "சாஃப்ட்வேர்ல அப்படித்தான் இருக்கு, நாங்க ஒண்ணும் பண்ண முடியாது" என்று கைவிரிக்கிறார்கள். சரி, சாஃப்ட்வேர் எழுதுகிறவர்களிடமே கேட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

1990-இலிருந்து 2022 வரை 32 வருடம் ரேஷன் கடையில் விற்பனையாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். காகிதக் கார்டு, பில் புக்கு, கார்பன் தாள் காலத்தில் உள்ளே வந்தேன். கையில் மெஷினோடு வெளியே போனேன். கிலோ 2 ரூபாய் அரிசி 1 ரூபாய் ஆனதையும், 2011-இல் இலவசம் ஆனதையும் அதே தராசுக்குப் பின்னால் நின்று பார்த்தவன். மெஷின் வந்ததால் எல்லாம் கெட்டுப்போச்சு என்று புலம்புகிற கிழவனின் கடிதம் என்று நினைத்துவிட வேண்டாம். மெஷினால் வந்த நல்லதை உங்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். அதில் பாதி, என்னைப் போன்றவர்களை அடக்க வந்த நல்லது.

முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

2005-இல் கொடுத்த காகிதக் கார்டு 2009 வரைக்கும்தான். அதற்கப்புறம் புதுக் கார்டு அடிக்கவில்லை. வருஷா வருஷம் உள்தாள் ஒட்டினோம். டிசம்பர், ஜனவரி வந்தால் பசை டப்பாவும் கையுமாகத்தான் இருப்போம். கார்டின் முதுகு பிய்ந்து, பேர் அழிந்து, எலி கடித்து, குழந்தை கிறுக்கி, சாம்பார் கொட்டி எல்லா நிலையிலும் வரும். அதையும் வாங்கிப் பொருள் போட்டோம். 2017-இல் ஸ்மார்ட் கார்டு வந்தது. ஏடிஎம் கார்டு மாதிரி ஒன்று. மெஷின் முன்னால் காட்டினால் குடும்பத் தலைவர் பெயர் வரும், என்னென்ன பாக்கி என்று வரும், பில் போட்டதும் போனுக்கு மெசேஜ் போகும்.

அந்த மெசேஜ்தான் எங்கள் தொழிலைத் தலைகீழாக்கியது.

அதற்கு முன்னால் நடந்ததை மறைக்காமல் சொல்கிறேன். கிடங்கிலிருந்து வரும் 50 கிலோ மூட்டையைப் பிரித்து எடை போட்டால் 47 இருக்கும், 48 இருக்கும். 50 இருந்தால் அன்றைக்கு நல்ல நாள். தணிக்கையில் இருப்பு குறைந்தால் அபராதம் எங்கள் தலையில்தான் விழும். அதனால் மாதக் கடைசியில் யார் சர்க்கரை வாங்கவில்லை, யார் பருப்பு வாங்கவில்லை என்று பார்த்து, அவர்கள் பெயரில் பில் எழுதிக் கணக்கை நேர் செய்வோம். அதையே சாக்காக வைத்து மூட்டை மூட்டையாக வெளியே தள்ளியவர்களும் உண்டு. நான் எந்த ரகம் என்பது என் மனசுக்குத் தெரியும்.

ஸ்மார்ட் கார்டு வந்து இரண்டு மூன்று மாதம் இருக்கும். பின் தெருவில் இருந்து ஒரு பெண் மகனுடைய போனோடு வந்தாள். வரிசையில் நிற்கவில்லை, நேராக ஜன்னலுக்கு வந்தாள். "நான் ஊர்லயே இல்ல. எங்க அண்ணன் வூட்டுக்குப் போயிருந்தேன். ரெண்டு கிலோ சக்கரை வாங்குனதா வந்திருக்கு, இதப் படிங்க" என்று போனை உள்ளே நீட்டினாள். பின்னால் இருபது பேர். படித்தேன். என் சட்டைப் பையிலிருந்து 50 ரூபாய் போட்டு சர்க்கரையை அளந்து கொடுத்தேன். அதற்கப்புறம் நான் அந்த வேலையைச் செய்யவில்லை. செய்ய முடியவில்லை என்று சொல்வதுதான் சரி. ஆய்வுக்கு வந்த எந்த அதிகாரியும் 27 வருடத்தில் செய்யாததை ஒரு மெசேஜ் செய்தது. அதை எழுதிய உங்களில் யாரோ ஒருவருக்கு என் கும்பிடு.

இன்னொன்று, சில்லறை. ஒரு கிலோ துவரம் பருப்பு 30, ஒரு பாக்கெட் பாமாயில் 25, இரண்டு கிலோ சர்க்கரை 50, ஆக மொத்தம் 105. எல்லாரும் 110 கொடுப்பார்கள். மீதி 5 ரூபாய்க்கு ஒரு பாக்கெட் உப்போ டீத்தூளோ தலையில் கட்டுவோம். அதற்காக வாங்காத திட்டு கிடையாது. இப்போது சில கடைகளில் போனில் கட்டலாம் என்று வைத்திருக்கிறார்கள். 105 என்றால் 105. சின்ன விஷயம்தான். ஆனால் மாசத்துக்கு முந்நூறு தடவை நடக்கிற சின்ன விஷயம்.

இனி கை விஷயத்துக்கு வருகிறேன்.

2020 அக்டோபரில் கைரேகை வந்தது. வைக்கிற விரலை ஆதாரில் பதிந்த ரேகையோடு ஒப்பிட்டுப் பார்க்கும். எந்த மாநிலத்துக் கார்டுக்கும் எந்த மாநிலத்திலும் பொருள் வாங்கலாம் என்கிற திட்டத்தோடு சேர்ந்து வந்தது. நல்ல திட்டம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் இங்கே வேலைக்கு வந்தவர்களுக்கு அது வேண்டும்தான். ஆனால் அதற்காக, முப்பது வருடமாக ஒரே தெருவில் குடியிருந்து ஒரே கடையில் பொருள் வாங்குகிறவரும், தான் தானேதான் என்று மாதா மாதம் விரல் வைத்துக் காட்டும்படி ஆனது.

அந்த ஆயாவை இப்போதும் நினைத்துக்கொள்வேன். முதலில் செங்கல் சூளை, அப்புறம் கட்டட வேலையில் சித்தாள். நாற்பது வருடம் சிமெண்டுக் கலவையைக் கையால் அள்ளிய உடம்பு. புருஷன் இல்லை. மகள் கட்டிக்கொடுத்த ஊரில், மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில். கார்டில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது.

அந்த ஒரே பெயர்தான் சங்கதி. ஐந்து பேர் உள்ள குடும்பத்தில் அப்பாவுக்கு ரேகை விழாவிட்டால் அம்மா வருவார், அம்மாவுக்கு விழாவிட்டால் மகள் வருவாள். யாராவது ஒருவருக்கு எந்த விரலாவது விழுந்துவிடும். தனி ஆள் கார்டுக்கு அந்த வழி கிடையாது. பத்து விரல்தான், பத்தும் தேய்ந்த விரல். சிமெண்ட், சுண்ணாம்பு, சோப்பு இவற்றில் புழங்கிய கைக்கு ரேகை தேயும். வயசானால் தோல் வறண்டு தளர்ந்து போகும், வரி பதியாது. புற்றுநோய்க்குச் சாப்பிடும் சில மாத்திரைகளாலும் ரேகை மறைந்துபோவது உண்டு என்று எங்கள் ஊர் டாக்டர் சொன்னார். ஆக, யாருக்கு ரேஷன் அரிசி கட்டாயம் வேண்டுமோ அவர்களுடைய விரலைத்தான் உங்கள் மெஷின் முதலில் மறுக்கிறது. நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை. உங்கள் அலுவலகத்தில் சோதித்துப் பார்த்தவர்களுக்கெல்லாம் நல்ல விரல் இருந்திருக்கும், அவ்வளவுதான்.

ஆயா விரலை வைத்தார். சிவப்பு. "தொடச்சிட்டு வைங்க ஆயா" என்றேன். முந்தானையில் துடைத்து வைத்தார். சிவப்பு. வறண்ட விரலாக இருந்தால் தலையில் ஒரு தேய் தேய்த்துக்கொண்டு வைத்தால் எண்ணெய்ப் பசையில் சில சமயம் விழும். இந்த வித்தையை எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தரவில்லை, நாங்களாகக் கண்டுபிடித்தது. அதையும் செய்தார். ஈரத்துணி கொடுத்தேன். வலது கட்டை விரல், இடது கட்டை விரல், ஆள்காட்டி, நடு விரல். திரையில் 300 என்று ஒரு எண்ணும் ஆங்கிலத்தில் ஒரு வரியும் வந்தபடி இருந்தது. வரிசையில் இருந்து ஒரு குரல், "நவுரு ஆயா, அடுத்த ஆளுக்குப் போடட்டும்." ஆயா தராசில் விரித்து வைத்திருந்த பையை எடுத்துக்கொண்டு நகர்ந்தார். "போன மாசம் வுழுந்துச்சே தம்பி, நல்லா கழுவிட்டுத்தான வந்தேன்" என்றார்.

கை அழுக்காக இருந்ததால்தான் விழவில்லை என்று நினைத்துக்கொண்டார். அது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

ஓடிபி இருக்கிறதே என்பீர்கள். கார்டில் இருந்த எண் திருப்பூர் மகனுடையது. அவன் கம்பெனிக்குள் வேலையில் நிற்கிறான், போன் வெளியே பையில். அவன் எடுத்துப் பார்த்துச் சொல்வதற்குள் நேரம் முடிந்துபோகும். அடுத்த மாதம் அந்த எண்ணே உயிரோடு இல்லை, ரீசார்ஜ் பண்ணவில்லையாம். விரலுக்குப் பதிலாகக் கண்ணைக் காட்டி அடையாளம் சொல்லும் கருவி இப்போது நிறையக் கடைகளுக்கு வந்திருக்கிறது, அது நல்லதுதான். ஆனால் புரை விழுந்த கண்ணை அது என்ன செய்கிறது என்று ஒரு தடவை பக்கத்தில் நின்று பாருங்கள். வர முடியாதவர்கள் வேறொருவரை அனுப்ப ஒரு சான்றிதழ்ப் படிவமும் உண்டு. அதை நிரப்பி, கையெழுத்து வாங்கி, மேலே அனுப்பி வாங்குவதற்கு இரண்டு நாள் கூலி போகும். 2025 ஆகஸ்டிலிருந்து முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வண்டியில் வீட்டு வாசலுக்கே பொருள் போகிறது. உண்மையிலேயே மனசு குளிர்ந்தது. வாசலுக்கு வண்டி போகிறது, கூடவே அதே மெஷினும் போகிறது.

நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கவும் எங்களுக்கு வழி இருந்தது. கொடுத்தேன். அந்த ஆயாவுக்கும் கொடுத்தேன், மூன்றாவது நடைக்கு. ஏன் முதல் நடையிலேயே கொடுக்கவில்லை? பயம். நோட்டில் எழுதிய பில் கூடினால், "உன் கடையில் மட்டும் ஏன் இத்தனை?" என்று விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். பக்கத்துக் கடையில் இரண்டு, என் கடையில் பதினெட்டு. அந்தக் கடையில் ரேகை விழாதவர்களைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள் என்று கடிதம் எழுதியவருக்குத் தோன்றவில்லை. திருப்பி அனுப்பியதற்கு எந்தக் கணக்கிலும் பதிவு கிடையாதே. கொடுத்தவன்தான் அகப்படுவான்.

இதுதான் நான் உங்களிடம் சொல்ல வந்தது. மெஷின் தோற்றுப்போனால் அந்தத் தோல்வி மெஷின் பெயரில் எழுதப்படுவதில்லை. ஆயாவின் விரல் பெயரில் எழுதப்படுகிறது, இல்லையென்றால் என் பெயரில்.

காகிதக் கார்டு காலத்தில் எத்தனையோ அக்கிரமம் நடந்தது. ஆனால் சண்டை போட ஓர் ஆள் இருந்தான். "ஏன்யா இல்லங்குற?" என்று என் சட்டையைப் பிடிக்கலாம், பிடித்தும் இருக்கிறார்கள். தாசில்தார் வந்தால் வழிமறிக்கலாம். இப்போது நானும் ஆயாவும் ஜன்னலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றுகொண்டு அந்தச் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அவருக்குப் படிக்கத் தெரியாது. எனக்குப் படித்தாலும் புரியாது.

இது எங்கள் ஊர்க் கதை மட்டும் இல்லை. ஜார்க்கண்டில் 2017-இல் ஒரு 11 வயதுச் சிறுமி இறந்தபோது, ஆதார் இணைக்காததால் ரேஷன் நின்றுபோனதுதான் காரணம் என்று அவள் தாயார் சொன்னார். அரசு அதை மறுத்தது. நாடே பேசியது. அடுத்த மாதமே, ஆதார் காரணமாக யாருக்கும் பொருள் மறுக்கக் கூடாது என்று மத்திய உணவுத் துறை சுற்றறிக்கை அனுப்பியது. 2018 செப்டம்பர் 26 அன்று ஆதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, சலுகைகளுக்கு ஆதார் கேட்கலாம், ஆனால் சரிபார்ப்பு தோற்றதற்காகத் தகுதி உள்ளவரைத் தள்ளக் கூடாது என்பதும் அதில் இருந்தது. தமிழ்நாட்டுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1997-இல் ஏழைகளுக்கு மட்டும்தான் ரேஷன் என்று நாடு மாறியபோதும், இங்கே ஏழை, பணக்காரர் என்று பிரிக்காமல் எல்லாருக்கும் ரேஷன் என்று வைத்துக்கொண்டோம். சுற்றறிக்கையும் தீர்ப்பும் பெருமையும் எல்லாம் இருக்கின்றன. உங்கள் திரையில் மட்டும் அவற்றுக்கு ஒரு பட்டன் இல்லை.

அந்தப் பட்டனைத்தான் கேட்கிறேன்.

இரண்டு விரல் தோற்றதுமே மெஷின் தானாக, தமிழில், என்ன ஆனது என்று சொல்லட்டும். விரல் பொருந்தவில்லையா, இல்லை, சர்வர் பதில் தரவில்லையா? இரண்டும் வேறு வேறு. நெட்வொர்க் செத்துக் கிடக்கும்போதும் நாங்கள் ஆயாவைக் கை துடைக்கச் சொல்லிக்கொண்டிருந்தோம். போன மாதம் இவருக்கு ஏழு தடவை விழவில்லை என்பது மெஷினுக்குத் தெரியும்தானே? அதை ஞாபகம் வைத்துக்கொண்டு, இந்த மாதம் எடுத்த எடுப்பிலேயே வேறு வழியைத் திறக்கட்டும். கார்டில் ஒரே பெயர், வயது 70 என்றால் அதுவே ஒரு அடையாளம்.

வேறு வழி என்ன என்று கேட்டால், வரிசையைப் பாருங்கள் என்பேன். அந்த ஆயாவைத் தெரியாதவர் அங்கே யாரும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி, "இவங்கதான், எனக்குத் தெரியும்" என்று தன் விரலை வைக்கட்டும். சாட்சிக் கையெழுத்து மாதிரி சாட்சி ரேகை. பத்திரப் பதிவில் சாட்சி செல்லும், கல்யாணப் பதிவில் செல்லும், அரிசி வாங்க மட்டும் செல்லாதா? அப்படிப் போட்ட பில்லுக்கு விற்பனையாளரை விளக்கம் கேட்காமல், எந்தக் கடையில் சாட்சி ரேகை கூடுகிறதோ அந்தக் கடையின் கருவியை முதலில் சோதித்துப் பாருங்கள். யாரெல்லாம் பொருள் வாங்காமல் திரும்பிப் போனார்கள் என்பதையும் எண்ணுங்கள். பில் போட்டதை மட்டும் எண்ணினால் எல்லாம் நன்றாகத்தான் தெரியும்.

திருடுவார்கள் என்பீர்கள். திருடுவோம், சிலர். அதைப் பிடிக்கத்தான் அந்த மெசேஜ் இருக்கிறதே! என்னைப் பிடித்தது அதுதான், கைரேகை இல்லை. 2021-இல் கொரோனா இரண்டாவது அலையின்போது கைரேகையைச் சில காலம் நிறுத்தி, கார்டை மட்டும் பார்த்துப் பொருள் கொடுத்தோம். கடை நடந்தது, சனங்கள் வாங்கினார்கள், பில் போனுக்குப் போனது.

திருட்டைப் பற்றி இன்னும் ஒன்று. இப்போது தராசையும் பில் மெஷினையும் புளூடூத்தில் இணைத்திருக்கிறார்கள், எடை சரியாக விழுந்தால்தான் பில் வரும் என்று எங்கள் கடைக்கு இப்போது வந்திருக்கிற பெண் சொன்னாள். சனங்களுக்கு 20 கிலோ என்றால் 20 கிலோ கிடைக்கும், ரொம்ப சந்தோஷம். ஒவ்வொரு பொருளுக்கும் காத்திருப்பதில் வரிசை நீள்கிறது என்பது வேறு விஷயம். ஆனால் மூட்டை வந்து இறங்கும்போது அதே கண்டிப்பு உண்டா என்று கேட்டேன். சிரித்தாள். 47 கிலோ மூட்டையைப் பிரித்து 50 கிலோவுக்கு பில் போட அவளுக்கும் எந்த வித்தையும் தெரியாது. என் காலத்தில் யாரோ ஒருவர் தலையில் எழுதினோம். அவள் அதைத் தன் சம்பளத்திலிருந்து கொடுக்கிறாள். கீழே இருக்கிற தராசுக்குப் போட்ட பூட்டைக் கிடங்குத் தராசுக்கும் போட ஒரு நிரல் எழுதுங்களேன். பெரிய வேலையா அது?

போன மாதம் நான் வரிசையில் நின்றேன். வீட்டுக்காரிக்கு முட்டி வலி. என் முறை வந்தது, விரல் வைத்தேன், சிவப்பு. இன்னொரு தடவை வைத்தேன். அந்தப் பெண் என்னிடம் தொழில் கற்றவள், "சார், வேற விரல் வைங்க சார்" என்று தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள். யாரும் சொல்லாமலே என் கை தலைக்குப் போனது, எண்ணெயில் தேய்க்க. எனக்குத் தலையில் முடி இல்லை. பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இடது ஆள்காட்டி விரலில் ஐந்தாவது தடவை விழுந்தது. அடுத்த மாதம் விழுமா என்று தெரியாது.

உங்களில் பாதிப் பேர் முதல் தலைமுறையாகப் படித்து வந்த பிள்ளைகள் என்று கேள்விப்பட்டேன். அப்படியானால் உங்கள் வீட்டிலும் ஒரு ரேஷன் கார்டு இருக்கும், அதில் விரல் வைக்க ஓர் அம்மா இருப்பார். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது அவரோடு கடைக்கு ஒரு நடை போய் வாருங்கள். இல்லையென்றால் எங்கள் ஊருக்கு வாருங்கள். மாதத்தின் முதல் வாரத்தில் வாருங்கள், அப்போதுதான் கூட்டம். கடை 9 மணிக்குத்தான் திறக்கும், ஆனால் 7 மணிக்கே வரிசை தொடங்கிவிடும். ஆட்கள் புளியமரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள்; வரிசையில் நிற்பது பைகளும் கல்லும் செருப்பும்தான். வரும்போது லேப்டாப் வேண்டாம். ஆளுக்கொரு பை கொண்டு வாருங்கள். எந்தக் கல்லுக்குப் பின்னால் வைக்க வேண்டும் என்று நான் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ரேஷன் கடை விற்பனையாளர் ஒருவர்